சேலத்தில் ஒரு பெரிய நிறுவனத்தின் நேர்முகத் தேர்வு: இரண்டு அறைகளைப் பற்றிய என் மதிப்பீடு

பல மாநிலங்களில் ஆலைகள் நடத்தும் ஒரு பெரிய உற்பத்தி நிறுவனம், மின் பராமரிப்புப் பொறியாளர் பணிக்காகச் சேலம் புதிய பேருந்து நிலையத்துக்கு அருகிலுள்ள ஒரு விடுதியில் நடத்திய நேர்முகத் தேர்வில் நான் கலந்துகொண்டேன். விண்ணப்பித்த நாளிலிருந்து அவர்களுடைய கடைசி மின்னஞ்சல் வந்த நாள் வரை ஏறக்குறைய மூன்று மாதங்கள் ஆயின. உணவகத்தைப் பற்றியும் கடையைப் பற்றியும் மதிப்பீடு எழுதுகிறோம். ஆனால் ஒரு நாள் விடுப்பையும், ஒரு வாரத் தூக்கத்தையும் செலவழித்துப் போய்வரும் நேர்முகத் தேர்வைப் பற்றி மட்டும் ‘கிடைத்தது’, ‘கிடைக்கவில்லை’ என்ற ஒற்றைச் சொல்லோடு முடித்துக்கொள்கிறோம். அது போதாது என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அங்கே எனக்கு மிகச் சிறந்த அரை மணி நேரமும், மிக மோசமான பதினைந்து நிமிடங்களும் ஒரே நாளில், ஒரே தளத்தில், அடுத்தடுத்த அறைகளில் கிடைத்தன என்பதுதான் செய்தி.

என்னைப் பற்றி இரண்டு வரி. அம்மாப்பேட்டையில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவள். மின் பொறியியல் படித்துவிட்டு, ஐந்தரை ஆண்டுகளாகச் சேலத்தை அடுத்த ஒரு நூற்பாலையில் மின் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்கள் மாவட்டத்தில் பெரிய ஆலை என்றால் கஞ்சமலை அடிவாரத்து உருக்காலையையும் மேட்டூர் அனல் மின் நிலையத்தையும் போன்ற சிலவற்றைத்தான் விரல்விட்டுச் சொல்ல முடியும். மற்றவை பெரும்பாலும் நூற்பாலைகள், ஜவ்வரிசி ஆலைகள், தறிக்கூடங்கள், கொலுசுப் பட்டறைகள். ஆகவே பெரிய நிறுவனத்தில் வேலை வேண்டுமென்றால் ஓசூருக்கோ கோயம்புத்தூருக்கோ சென்னைக்கோ இரவுப் பேருந்து ஏறி, காலையில் ஏதாவது ஒரு கழிப்பறையில் முகம் கழுவி, கசங்கிய உடையோடு போய் உட்கார்வதே எங்கள் வழக்கம். இவர்கள் சேலத்துக்கே வந்து தேர்வு நடத்தினார்கள். அதற்கு முதலில் ஒரு நன்றி சொல்லிவிடுகிறேன்.

முதல் கட்டம் இணையவழித் தேர்வு. 60 நிமிடங்களில் 60 கேள்விகள். கணக்கு, தருக்கம், ஆங்கிலம், கொஞ்சம் மின் பொறியியல். கேமராவும் மைக்கும் தேர்வு முழுவதும் இயங்க வேண்டும் என்றார்கள். எங்கள் வீட்டில் மைக் இயங்கினால் என்ன கேட்கும் என்பது அம்மாப்பேட்டைக்காரர்களுக்குத் தெரியும். பக்கத்து வீட்டு விசைத்தறியின் சத்தத்தை ‘அருகில் ஒருவர் பேசுகிறார்’ என்று எடுத்துக்கொண்ட மென்பொருள் எனக்கு மூன்று முறை எச்சரிக்கை கொடுத்தது. நான்காவது முறை கொடுத்தால் தேர்வு தானாகவே முடிந்துவிடும் என்றும் அறிவித்தது. அப்பா எழுந்துபோய்ப் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லி, மீதி நேரத்துக்குத் தறியை நிறுத்திவைத்தார். எனக்காக அந்த வீட்டில் ஏறக்குறைய அரை மணி நேர உற்பத்தி நின்றது. இதை நிறுவனத்தின் குறை என்று பெரிதாகச் சொல்ல மாட்டேன். ஆனால் அமைதியான தனி அறை எல்லா வீட்டிலும் இருக்கும் என்று எண்ணிக்கொண்டு தேர்வை வடிவமைத்தவர், தாம் தேடும் பராமரிப்புப் பொறியாளர்கள் எந்த வீடுகளிலிருந்து வருகிறார்கள் என்று யோசிக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் வரச் சொன்னார்கள். சான்றிதழ்களின் அசலையும், தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியம் தரும் மேற்பார்வையாளர் தகுதிச் சான்றிதழ் இருந்தால் அதையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். இந்தச் சான்றிதழை வாங்கிவைக்காத பொறியியல் பட்டதாரிகள் நிறைய இருக்கிறார்கள். ஆலைகளில் வேலை தேடுகிறவர்கள் அதை முதலில் வாங்கிவிடுவது நல்லது. ஒன்பது மணிக்கு வரச் சொல்லி ஒன்பதே காலுக்குத் தொடங்கினார்கள். குடிக்கத் தண்ணீரும் காபியும் வைத்திருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் எத்தனை மணிக்கு எந்த அறை என்று எழுதிய தாளைக் கதவில் ஒட்டியிருந்தார்கள், ஏறக்குறைய அதன்படியே நடந்தது. அன்று எங்கள் பணிக்கு ஏழு பேர். அவர்களில் பெண் நான் ஒருத்திதான்.

முதல் அறை தொழில்நுட்பத் தேர்வு. ஆலையின் பராமரிப்புத் துறையிலிருந்து வந்த இரண்டு பேர் இருந்தார்கள். மூத்தவரின் சட்டைப் பையில் டெஸ்டர் செருகியிருந்ததைப் பார்த்தவுடனேயே எனக்குப் பாதி பயம் போய்விட்டது. தொடக்கத்தில் எளிய கேள்விகள். பெயர்ப் பலகையில் 1440 சுற்று என்று போட்டிருக்கும் மோட்டாருக்கு எத்தனை துருவம், எவ்வளவு நழுவல் என்றார்கள். 50 ஹெர்ட்ஸில் நான்கு துருவ மோட்டாரின் ஒத்தியங்கு வேகம், அதாவது காந்தப்புலம் சுழலும் வேகம், 1500; அதைவிட 60 சுற்று பின்தங்குவதால் நழுவல் 4 விழுக்காடு என்றேன். மோட்டாரைக் குறைந்த மின்னழுத்தத்தில் கிளப்பும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில் தொடக்க மின்னோட்டம் மூன்றில் ஒரு பங்காகக் குறையும் என்று நான் சொன்னதும், “டார்க்?” என்று, சுழற்று விசையைப் பற்றி, ஒற்றைச் சொல்லில் கேட்டார் இளையவர். அதுவும் மூன்றில் ஒரு பங்காகிவிடும், ஆகவே பாரத்தோடு கிளம்ப வேண்டிய இயந்திரத்துக்கு அந்த ஸ்டார்ட்டர் ஒத்துவராது என்று நான் முடிக்கும்வரை குறுக்கிடாமல் காத்திருந்தார். மனப்பாடம் செய்தவர் முதல் பாதியோடு நின்றுவிடுவார் என்பதற்காக வைக்கப்பட்ட கேள்வி அது.

பிறகு மூத்தவர் ஒரு துணிப்பையிலிருந்து எதையோ எடுத்து மேசைமேல் வைத்தார். பேரிங்கின் வெளி வளையம், பாதியாக வெட்டப்பட்டது. குண்டுகள் ஓடும் பள்ளத்தில் மெல்லிய கோடுகள் இருந்தன. பாவு இழைகளைப் போல நெருக்கமாக, ஒன்றுக்கொன்று இணையாக, சீரான இடைவெளியில். “இதற்கு என்ன ஆயிற்று?” என்று மட்டும் கேட்டார்.

நான் தவறாகத்தான் தொடங்கினேன். மாற்றாக நிறுத்திவைத்திருக்கும் மோட்டார், பக்கத்து இயந்திரத்தின் அதிர்வால் நின்ற இடத்திலேயே ஆடிக்கொண்டிருந்தால், குண்டுகள் ஒவ்வொன்றும் தாம் உட்கார்ந்த இடத்தில் தழும்பை உண்டாக்கும். அதுதான் இது என்றேன். அவர் தவறு என்று சொல்லவில்லை. “இந்த பேரிங்கில் எத்தனை குண்டுகள் இருந்திருக்கும்?” என்று கேட்டார். எட்டோ ஒன்பதோ இருக்கும் என்றேன். சொல்லிக்கொண்டே கோடுகளை எண்ணிப் பார்த்தேன். இரண்டு விரல் அகலத்துக்குள்ளேயே பத்துக்கு மேல் இருந்தன. குண்டு உட்கார்ந்த தழும்பு என்றால் வளையம் முழுவதும் எண்ணினாலும் எட்டு ஒன்பதுக்கு மேல் இருக்க முடியாது. ஆகவே இது வேறு. வளையத்தைக் கையில் எடுத்துச் சன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். பள்ளத்தின் அடி பளபளப்பு இல்லாமல் மங்கிப்போயிருந்தது. இந்த மோட்டார் வி.எஃப்.டி.யில் ஓடியதா என்று நான் கேட்டதும் அவர் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு வந்தது.

வேகத்தைக் கட்டுப்படுத்த நாம் வைக்கும் வி.எஃப்.டி., மின்னழுத்தத்தை ஒரு வினாடிக்குள் ஆயிரக்கணக்கான முறை விட்டு விட்டுக் கொடுக்கிறது. அதனால் மோட்டாரின் தண்டிலும் ஒரு மின்னழுத்தம் ஏறுகிறது. தரைக்குப் போக வேறு வழி இல்லாதபோது அது பேரிங்கின் குண்டுக்கும் வளையத்துக்கும் நடுவிலிருக்கும் மெல்லிய கிரீஸ் படலத்தைத் துளைத்துக்கொண்டு பாய்கிறது. ஒவ்வொரு பாய்ச்சலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பள்ளம். அவை சேர்ந்து, மாதக்கணக்கில் ஓடிய பிறகு, இப்படிக் கோடுகளாகத் தேய்ந்து நிற்கின்றன. இதையெல்லாம் தடுமாறித் தடுமாறித்தான் சொன்னேன். தீர்வு என்ன என்று கேட்டார்கள். தண்டைத் தொட்டுக்கொண்டிருக்கும் கிரவுண்டிங் பிரஷ், பின்பக்கத்தில் மின்காப்பிட்ட பேரிங், உறையிட்ட கேபிளும் ஒழுங்கான எர்த்தும் என்றேன். அடுத்த பத்து நிமிடமும் அது நேர்முகத் தேர்வாகவே இல்லை. ஷிப்டு மாறும் நேரத்தில் இரண்டு பொறியாளர்கள் பேசிக்கொள்வதைப் போல இருந்தது. என் தவறான முதல் பதிலைக் குறித்து, நான் வெளியே வரும்போது மூத்தவர் சொன்ன வார்த்தை நினைவில் இருக்கிறது: “எண்ணிப் பார்த்தீங்க இல்ல, அது போதும்மா.”

ஏழு பேருக்கும் அதே வளையத்தையும் அதே கேள்வியையும்தான் கொடுத்தார்கள் என்பது பிறகு பேசிப் பார்த்ததில் தெரிந்தது. அவர்கள் கையிலிருந்த தாளில் கட்டம் போட்டு மதிப்பெண் எழுதினார்கள். இந்த அறைக்கு ஐந்துக்கு ஐந்து கொடுப்பதில் எனக்குத் தயக்கமே இல்லை.

இரண்டாவது அறை மனிதவளப் பிரிவு. இங்கும் இரண்டு பேர். மரியாதையாகவே பேசினார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் தாள் இல்லை, கட்டம் இல்லை. அப்பா என்ன செய்கிறார் என்று தொடங்கி, திருமணம் எப்போது என்று வந்து, பார்த்துக்கொண்டிருக்கிறார்களா, வருகிற மாப்பிள்ளை வேறு ஊராக இருந்தால் என்ன செய்வீர்கள், நைட் ஷிப்டுக்கு வீட்டில் சம்மதிப்பார்களா என்று போய்க்கொண்டே இருந்தது. சுழற்சி ஷிப்டுக்குச் சம்மதமா என்ற கேள்வி அவர்களுடைய விண்ணப்பத்திலேயே இருந்தது, நானும் ‘ஆம்’ என்று குறித்திருந்தேன். நூற்பாலையில் மூன்று ஆண்டுகள் இரவு ஷிப்டு பார்த்ததையும், விடிகாலை மூன்று மணிக்கு மின்மாற்றி டிரிப் ஆன கதையையும் சொன்னேன். தலையசைத்தார்கள். பிறகு, “அதெல்லாம் சரிம்மா, ஆனா கல்யாணத்துக்கு அப்புறம்?” என்றார் ஒருவர்.

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தன் 66-ஆவது பிரிவில் பெண்கள் இரவு ஏழு மணிக்கு மேல் ஆலையில் வேலை செய்வதைத் தடுத்திருந்தது. அந்தத் தடை அரசியலமைப்புக்கு முரணானது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டிலேயே சொல்லி, பாதுகாப்புக்கும் போக்குவரத்துக்கும் நிபந்தனைகளை வகுத்து, இரவு வேலைக்கு வழி திறந்துவிட்டது. வேலைக்கு எடுக்கும்போதே பெண் என்பதற்காகப் பாகுபாடு காட்டக் கூடாது என்று 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் சொன்னது. 2019-ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்புச் சட்டமும் அதையே சொல்கிறது. இதெல்லாம் அந்த அறையில் என் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. வேலை கேட்டுப் போன இடத்தில் சட்டம் பேசினால் ‘சண்டைக்காரி’ என்ற பட்டம்தான் கிடைக்கும் என்பது பழகிப்போன பயம். வீட்டில் சம்மதிப்பார்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

மாலையில் எங்களில் மூன்று பேர் தெருவோரக் கடையில் தட்டுவடை செட் வாங்கிக்கொண்டு நின்றோம். துருவிய பீட்ரூட்டும் கேரட்டும் சட்னியும் இரண்டு தட்டுவடைகளுக்கு நடுவில் சிக்கி நொறுங்கும் அந்தச் சத்தம் இல்லாமல் சேலத்தில் எந்தத் துக்கமும் ஆறுவதில்லை. இரண்டாவது அறையில் என்ன கேட்டார்கள் என்று மாற்றி மாற்றிச் சொன்னோம். நாமக்கல்லிலிருந்து வந்திருந்த தம்பி சிரித்துக்கொண்டே சொன்னான்: “என்கிட்ட ஏற்காட்டுக்கு எத்தனை ஹேர்பின் வளைவுன்னு கேட்டாங்கக்கா. இருபதுன்னேன். சாயங்காலம் மேல போறாங்களாம், கடை எல்லாம் விசாரிச்சாங்க.” தர்மபுரிக்காரரிடம் கிரிக்கெட் பேசியிருக்கிறார்கள். அவர்கள் இருவரிடமும் திருமணப் பேச்சே எழவில்லை. இத்தனைக்கும் தர்மபுரிக்காரருக்கு அடுத்த மாதம் நிச்சயதார்த்தம்.

முதல் அறையில் எல்லோருக்கும் ஒரே வளையம். இரண்டாவது அறையில் ஆளுக்கு ஒரு பேச்சு. இதுதான் என் குறையின் சாரம். இது வெறும் மனத்தாங்கல் இல்லை. ஆள் தேர்வைப் பற்றிய ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. அமெரிக்க உளவியலாளர்கள் பிராங்க் ஷ்மிட்டும் ஜான் ஹன்டரும் 85 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 1998-இல் வெளியிட்ட கட்டுரையில், எல்லோருக்கும் ஒரே கேள்வி, ஒரே மதிப்பெண் முறை என்று வகுத்து நடத்தும் நேர்முகத் தேர்வுக்கும் பின்னாளைய பணித்திறனுக்கும் உள்ள தொடர்பு (முழுப் பொருத்தம் என்றால் 1, தொடர்பே இல்லையென்றால் 0) 0.51 என்றும், வாய்க்கு வந்தபடி பேசும் நேர்முகத் தேர்வுக்கு அது 0.38 என்றும் கணக்கிட்டார்கள். பால் சாக்கெட் குழுவினர் 2022-இல் அந்தக் கணக்கைத் திருத்தியபோது வகுத்து நடத்தும் தேர்வு 0.42-க்கு இறங்கினாலும் எல்லா முறைகளுக்கும் மேலே முதலிடத்தில் நின்றது. வகுக்காத பேச்சோ 0.19-க்குச் சரிந்தது. அதாவது ஏற்காட்டு வளைவுகளை எண்ணச் சொல்லி ஒருவர் நல்ல மின் பொறியாளரா என்று கண்டுபிடிப்பது கடினம். பேரிங் வளையத்தைக் கொடுத்துக் கண்டுபிடிக்கலாம். இவ்வளவு நல்ல முதல் அறையை வடிவமைக்கத் தெரிந்த நிறுவனத்துக்கு இரண்டாவது அறை கண்ணில் படாமல் போனது எப்படி என்பதுதான் எனக்கு இன்றும் விளங்கவில்லை.

பத்து நாளில் முடிவு சொல்கிறோம் என்றார்கள். நாற்பத்தோராவது நாள் மின்னஞ்சல் வந்தது. நடுவில் நான் எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் தானியங்கிப் பதில் மட்டுமே கிடைத்தது. தேர்வாகியிருந்தேன், ஆனால் நான் விண்ணப்பித்த பணிக்கு அல்ல. பராமரிப்புத் திட்டமிடல் பிரிவில், அலுவலகத்தில், பகல் ஷிப்டில் ஓர் இடம். உதிரிப்பாகக் கணக்கும் வேலை அட்டவணையும் பார்க்கும் பணி அது. தேவையான வேலைதான், அதைத் தாழ்த்திச் சொல்லவில்லை. ஆனால் எந்த வேலைக்காக அந்த வளையத்தை என் கையில் கொடுத்தார்களோ, அந்த வேலை அதில் இல்லை.

சம்பள விவரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆண்டுத் தொகையாகக் காட்டிய எண் பெரிதாகத்தான் இருந்தது. அதற்குள் நிறுவனம் தன் பங்காகக் கட்டும் 12 விழுக்காடு வருங்கால வைப்பு நிதியும், அடிப்படைச் சம்பளத்தில் 4.81 விழுக்காடு பணிக்கொடையும் அடங்கியிருந்தன. கைக்கு வருவதை விசாரித்துப் பார்த்தால், ஷிப்டு படி இல்லாததால் இப்போது வாங்குவதைவிடச் சொற்பமாகவே அதிகம். இனி விண்ணப்பிப்பவர்கள் மாதக் கைத்தொகையை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், கேட்டால் கொடுக்கிறார்கள்.

களப் பராமரிப்புப் பணியையே தர முடியுமா என்று கேட்டு எழுதினேன். ஒன்பதாம் நாள் பதில் வந்தது: அந்த இடங்கள் நிரம்பிவிட்டன, திட்டமிடல் பிரிவு எனக்கு வசதியாக இருக்கும் என்று கருதியே பரிந்துரைத்தார்களாம். என் வசதியைப் பற்றி என்னைத் தவிர எல்லோரும் கலந்து பேசியிருக்கிறார்கள். நன்றி சொல்லி மறுத்து எழுதினேன். அதற்கு அடுத்த நாள், தேர்வு அனுபவத்துக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டு ஒரு படிவம் வந்தது. அறைவாரியாகச் சொல்ல அதில் இடமில்லாததால் மூன்று என்று போட்டேன்.

போயிருக்கவே கூடாது என்று நினைக்கிறேனா என்று கேட்டால், இல்லை. நேர்முகத் தேர்வுக்கு மறுநாள் திங்கள்கிழமை காலை எங்கள் ஆலையில் முதல் வேலையாகப் பழைய இரும்புக் குவியலுக்குப் போனேன். ஈரப்பதக் கூடத்துக் காற்றாடி மோட்டாரின் பேரிங் ஓராண்டில் இரண்டு முறை போயிருந்தது. இரண்டு முறையும் கிரீஸ் சரியில்லை என்று நானே பதிவேட்டில் எழுதியிருந்தேன். அந்த மோட்டாருக்கு வி.எஃப்.டி. வைத்தது அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான். குவியலில் கிடந்த பழைய பேரிங்கை கிரைண்டரில் வெட்டி, மண்ணெண்ணெயில் கழுவி, வெளிச்சத்தில் பிடித்தேன். அதே கோடுகள், அதே நெருக்கம். கிரவுண்டிங் பிரஷ் வாங்க மேலாளரிடம் அன்று மதியமே குறிப்பு எழுதிக் கொடுத்தேன். வந்து மாட்டி ஏழு வாரம் ஆகிறது. மோட்டார் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.